நற்கருணையும் நிறபேதமும்

அமெரிக்காவின் லூயிசியானா மாகாணத்தில், வெள்ளையர் யாவரும் திவ்விய நற்கருணை பெற்று எழுந்த பின்னரே, பின்வரிசையில் அமர்த்தப்பட்ட கறுப்பின விசுவாசிகள் பீடத்தை அணுகலாம் என்ற வழக்கம் நெடுங்காலம் பல ஆலயங்களில் நிலவியதை நினைக்கையில் நெஞ்சு பதைக்கிறது. 1955-இல் ஜெசூட் பெண்ட் என்னும் சிற்றூரில், பூசை நிறைவேற்ற வந்த குருவானவரையே, அவர் கறுப்பர் என்ற ஒரே காரணத்துக்காகத் தடுத்துத் திருப்பியனுப்பினார்கள்; உடனே அவ்வாலயத்தில் வழிபாட்டையே நிறுத்திவைத்தார் நியூ ஆர்லியன்ஸ் அதிமேற்றிராணியார் ஜோசப் ரம்மல். மறு ஆண்டு, இனப் பிரிவினை பாவமென்று சுற்றுமடலில் பிரகடனம் செய்த அவர், 1962-இல் கத்தோலிக்கப் பள்ளிகளைச் சகல இனக் குழந்தைகளுக்கும் திறக்க ஆக்ஞாபித்து, எதிர்த்துக் கிளர்ச்சி தூண்டிய மூவரைத் திருச்சபையினின்றும் விலக்கினார். அவர்களுள் லியாண்டர் பெரெஸ் அரசியலில் பெருஞ்செல்வாக்குடையவர்.

அந்தத் தீரம் போற்றத்தக்கதே. ஆயினும், பாவமென்று அறிவித்ததற்கும் பள்ளிக் கதவு திறந்ததற்கும் இடையே ஆறாண்டுகள் கழிந்தன. நகரின் அரசாங்கப் பள்ளிகள், நீதிமன்ற உத்தரவினாலேனும், 1960-லேயே முந்திக்கொண்டன. அதற்குள் வளர்ந்துவிட்ட குழந்தைகளுக்கு அப்பள்ளிப் பருவம் மீளவில்லை. இன்றைய மேய்ப்பர்களும் மடல் எழுதுவதோடு நில்லாமல், தம் பள்ளிகளிலும் குருமடங்களிலும் எவர் சேர்க்கப்படுகின்றனர், எவர் தலைமைக்கு உயர்த்தப்படுகின்றனர் என்பதை ஆண்டுதோறும் கணக்கெடுத்து விசுவாசிகள்முன் வைத்தல் வேண்டும்.