பயிற்சி பெற வேண்டியவர் மேலதிகாரி

மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பைப் பற்றி நம் நாட்டில் பேச்சு எழும்போதெல்லாம், அவர்களுக்கு இன்னும் என்னென்ன பயிற்சி அளிக்கலாம், எந்தத் தொழிலைக் கற்பிக்கலாம், கணினியை எப்படிப் பழக்கலாம் என்ற திசையிலேயே சிந்தனை செல்வது வழக்கமாகிவிட்டது. அதில் நல்லெண்ணம் இருக்கிறது. ஆயினும், பட்டமும் பெற்று, தேர்விலும் தேறி, நியமன உத்தரவோடு அலுவலகத்துக்குள் நுழைந்த ஒருவர் சில மாதங்களிலேயே மனம் சோர்ந்து போவதற்குக் காரணம், பெரும்பாலும், அவரைச் சுற்றியிருப்பவர்களின் அறியாமையே என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே, அந்த அறியாமையைப் போக்கும் இணையவழிப் பயிற்சி முதலில் சென்று சேர வேண்டிய இடம் மேலதிகாரியின் மேசை.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது; 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக விரித்து, அரசுப் பணியில் 3 சதவீதமாக இருந்த இட ஒதுக்கீட்டை 4 சதவீதமாக உயர்த்தியது. இவ்வளவு விஷயம் பலருக்குத் தெரியும். ஆனால் அதே சட்டத்தின் 20ஆம் பிரிவில், பணியிலிருக்கும்போது விபத்தாலோ நோயாலோ உடற்குறைபாடு அடைந்த அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்றும், பழைய வேலை இயலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பதவிக்கு மாற்ற வேண்டும் என்றும், அதற்கும் இடமில்லையெனில் தக்க பதவி கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ உபரிப் பணியிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருப்பதை எத்தனை அலுவலகத் தலைவர்கள் படித்திருப்பார்கள்? விருப்ப ஓய்வில் போய்விடுங்கள் என்று பரிவோடு ஆலோசனை சொல்பவர், தாம் ஒருவரின் உரிமையைப் பறிக்கிறோம் என்பதை அறியாமலே அதைச் சொல்லிவிடக்கூடும். இதை முன்னுணர்ந்துதான் போலும், ஊராட்சி உறுப்பினர் முதல் நீதிபதி வரையிலானவர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிகள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பாடமாக வேண்டும் என்று 47ஆம் பிரிவு கட்டளையிடுகிறது.

தமிழகத்தின் 38 மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும் தாலுகா அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வங்கிக் கிளைகளுக்கும் நேரில் சென்று கற்பிக்கப் போதிய ஆசிரியர்களைத் திரட்டுவது எளிதன்று. உலக மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3ஆம் தேதி சொற்பொழிவு ஒன்று நடத்தினாலும், அதைக் கேட்ட அதிகாரி அடுத்த மாதமே மாற்றலாகிவிடுவார். இணையத்தில் உள்ள பாடமோ, புதிதாக வருபவருக்கும் காத்திருக்கும். சந்தேகம் எழும் நாளில் மறுபடி திறந்து பார்க்கவும் இடம் கொடுக்கும்.

அந்தப் பாடத்தில் என்ன இருக்க வேண்டும்? கருணையைக் கிளறும் கதைகள் வேண்டாம். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கச் செய்யும் பயிற்சியும், என் மனத்துக்கு, அனுதாபத்தை வளர்க்குமேயன்றி அறிவை வளர்க்காது. அன்றாட அலுவலக வேலையை எடுத்துக்கொள்வோம். கடிதத்தைத் தட்டச்சு செய்து, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து அனுப்புவது நம் காரியாலயங்களின் நித்திய வழக்கம். கண்ணால் வாசிப்பவருக்கு அது கடிதம். கணினித் திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பி வேலை செய்யும் எழுத்தருக்கோ அது எழுத்தே இல்லாத ஒரு படம். படத்திலுள்ள எழுத்தை அறியும் மென்பொருள்கள் வந்துள்ளன எனினும், மங்கிய முத்திரைக்கும் சாய்ந்த பக்கத்துக்கும் முன்னால் அவை தடுமாறும். இதனினும் துயரமானது பழைய எழுத்துருக்களின் பிரச்சினை. ஒருங்குறி (யூனிகோட்) முறையைத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே நியமமாக ஏற்றுக்கொண்டிருக்க, இன்றும் பழைய எழுத்துருவில் சுற்றறிக்கை அடிக்கும் அலுவலகங்கள் உண்டு. அந்த எழுத்தைத் திரைவாசிப்பான் தமிழாக அறியாமல், பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவையாக உச்சரிக்கும். என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை எவரும் விலையின்றிப் பெறலாம். அது தமிழையும் வாசிக்கும். தாம் கையெழுத்திட்ட சுற்றறிக்கையை அதன் குரலில் ஒருமுறை கேட்கும் அதிகாரி, எழுத்துருவை மாற்றிக்கொள்ள மறுநாள் வரை காத்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

பயிற்சியின் வடிவத்திலேயே அநீதி புகுந்துவிடவும் கூடும். தமிழில் எழுத்து வடிவம் ஓடாத வீடியோ, செவித்திறன் இல்லாத ஊழியரை வெளியே நிறுத்தும். மவுஸால் இழுத்துப் பொருத்தச் சொல்லும் வினாக்கள், விசைப்பலகையை மட்டுமே கையாளக்கூடியவரைத் தோற்கடிக்கும். கடிகாரம் ஓடும் தேர்வு, மெல்ல எழுதுபவரை வஞ்சிக்கும். கண் சிமிட்டிக் காட்டினால்தான் வங்கிக் கணக்குக்கு அடையாளம் உறுதியாகும் என்ற முறையை எதிர்த்து, அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்குகளில், இணைய வசதிகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்த நியாயம் பயிற்சித் தளங்களுக்கும் பொருந்தும். ஆகையால் பாடத்தை வகுக்கும் குழுவில், தக்க ஊதியம் பெறும் நிபுணர்களாக, மாற்றுத்திறனாளிகளே ஆரம்பம் முதல் இருக்க வேண்டும். முடிந்தபின் அழைத்து அபிப்பிராயம் கேட்பது போதாது.

பக்கங்களை வேகமாகத் தள்ளி, எளிய கேள்விகளுக்கு விடையளித்து, சான்றிதழை அச்சிட்டுக் கோப்பில் சேர்த்துவிடும் அபாயம் எல்லா இணையப் படிப்புகளுக்கும் உண்டு. அதைத் தடுக்கும் உபாயம் இறுதித் தேர்வில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தம் அலுவலகத்தின் சம வாய்ப்புக் கொள்கையை எடுத்துக் காட்டவும், அவர்களுக்கான குறைதீர் அலுவலர் யார் என்று சொல்லவும், கடைசியாக அனுப்பிய சுற்றறிக்கையைத் திரைவாசிப்பான் படிக்கும்படி திருத்தி ஒப்படைக்கவும் தெரிந்தவருக்கே சான்றிதழ் கிடைக்க வேண்டும். புதிதாகப் பணியில் சேரும் இளநிலை உதவியாளர்கள் அடிப்படைப் பயிற்சிக்காகப் பவானிசாகரிலுள்ள அரசுப் பயிற்சி நிலையத்துக்குச் செல்கிறார்கள்; அவர்களும், அவர்களை வேலை வாங்கப்போகும் அதிகாரிகளும், இந்தத் தேர்வை எழுதிய பின்பே நாற்காலியில் அமர வேண்டும் என்று ஓர் அரசாணை பிறப்பிப்பதற்குப் பெரும் பொருட்செலவு எதுவும் தேவைப்படாது.