ஒப்படைத்த வண்டியும் ஓடிய தூரமும்

கடந்த மாதத்தில் நம் நண்பர் ஒருவர் தமது காரைப் பழுதுபார்ப்பதற்காகக் கொழும்பிலுள்ள ஒரு கராஜில் ஒப்படைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் விட்ட வண்டியைத் திங்கட்கிழமை மாலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்குள்ளோர் சொன்னார்கள். ஞாயிறு மாலை மனைவி மக்களுடன் பஸ்ஸில் ஏறிக் காலிமுகத்திடலுக்குக் காற்று வாங்கச் சென்றவர், அங்கே தமது காரையே கண்டு திகைத்து நின்றார். கதவுகள் திறந்திருந்தன, வானொலி பாடிக்கொண்டிருந்தது, உள்ளே நான்கு இளைஞர்கள் இறால் வடை தின்றுகொண்டிருந்தனர்.

வண்டியை ஓட்டி வந்தவன் அந்தக் கராஜிலே தொழில் பழகும் பத்தொன்பது வயதுப் பையன். நண்பரைக் கண்டதும் அவன் முகம் வெளிறிவிட்டது. "பிறேக் சரியாகப் பிடிக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வந்தோம், ஐயா" என்றான். பிறேக்கைச் சோதிப்பதற்கு நால்வரும் வடையும் எதற்கு என்று நண்பர் கேட்கவில்லை. அவரைத் திணறச் செய்தது, அருகில் நின்ற எட்டு வயது மகளின் கேள்விதான்: "அப்பா, இவர்கள் எங்கள் காரைத் திருடிவிட்டார்களா?"

விடை சொல்லத் தெரியாத நண்பர் அக்கேள்வியை நம்மிடம் கொணர்ந்தார். சிறுமி கேட்டதாயினும் சிறிய கேள்வி அன்று அது. சட்ட அறிஞர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக ஆராய்ந்து வந்த கேள்வி.

பழைய உரோமர், "ஆம், களவே" என்று விடையிறுத்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காயஸ் என்னும் சட்ட ஆசிரியர், காவலுக்காக ஒப்படைத்த பொருளை ஒருவன் தன் தேவைக்குப் பயன்படுத்தினாலே களவாகும் என்று எழுதினார். பொருளை அவன் திருடவில்லை. பொருளின் பயனைத் திருடினான் என்பது கருத்து. ஆனால், உடையவர் இதற்குச் சம்மதியார் என்பதை அறிந்தே அவன் செய்திருத்தல் வேண்டும் என்ற வரம்பையும் அவர் இட்டார். அவருக்கு முந்திய நூற்றாண்டினரான வலேரியஸ் மாக்சிமஸ் ஒரு வழக்கைக் குறித்து வைத்திருக்கிறார். அரிக்கியா என்னும் ஊர்வரை செல்வதற்காக ஒருவன் குதிரையை இரவல் வாங்கினான். ஊரோடு நில்லாமல் அப்பாலுள்ள மேட்டின்மேலும் ஏறிச் சென்றான். அந்தச் சிறு தூரத்துக்காகவே அவன் களவுக் குற்றவாளியானான்.

பிற்காலச் சட்டங்கள் இத்துணைக் கடுமை காட்டத் தயங்கின. நம் நாட்டைப் போலவே உரோம-ஒல்லாந்தச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில், திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு பிறர் பொருளை எடுத்துப் பயன்படுத்துவது களவாகாது என்று 1955ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. மறு ஆண்டிலேயே அதனைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றினார்கள். பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், உடையவரின் சம்மதமின்றி மோட்டார் வண்டியை எடுத்து ஓட்டுவதைத் தனிக் குற்றமாக வகுத்தது. களவு என்று பெயரிடத் தயங்கியவர்களும் குற்றமே இல்லையென்று விட்டுவிடத் துணியவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையற்ற எண்ணத்துடன் தன் பயனுக்கு ஆக்கிக்கொள்வதை அது நம்பிக்கை மோசடி என்கிறது. அந்த எண்ணம் இருந்ததா இல்லையா என்பதை அவ்வவ் வழக்கில் நீதிபதியே ஆராய்வார். பையனின் மனத்தை நாம் அறியோம். ஆயினும் நண்பரைக் கண்டவுடன் வெளிறிய அவன் முகம், உடையவர் சம்மதியார் என்பதை அவன் அறிந்திருந்தான் என்று காட்டியது.

"வண்டிக்கு ஒரு கீறலும் இல்லையே, திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன நட்டம்?" என்று சிலர் கேட்கலாம். திரும்பிய வண்டியை மட்டும் பார்ப்போர் கேள்வி இது. செல்லும் வழியில் ஒரு குழந்தையை மோதியிருந்தால்? பொலிசார் இலக்கத் தகட்டைக் கொண்டு முதலில் தேடி வருவது பதிவுபெற்ற உரிமையாளரின் வீட்டைத்தான். காப்புறுதிக் கம்பனியோ, யார் ஓட்டியது, யார் அனுமதித்தது என்று கேட்கும். மேலும், தனியார் கார்களின் இறக்குமதி 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டு 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் பழைய வண்டியின் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறியதை நாம் அனைவரும் கண்டோம். நடுத்தரக் குடும்பத்துக்கு வீட்டுக்கு அடுத்த பெருஞ்சொத்து வண்டியே. அந்தச் சொத்து நால்வரின் மாலைப் பொழுதுக்குப் பந்தயமாக வைக்கப்பட்டது. பந்தயத்தில் தோல்வி நேரவில்லை என்பதால் பந்தயம் வைத்தது நியாயமாகிவிடாது.

திங்கட்கிழமை நண்பருடன் நாமும் அந்தக் கராஜுக்குச் சென்றோம். வண்டி ஓடிய தூரத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் நண்பருக்கு உண்டு. மீற்றரில் 62 கிலோமீற்றர் கூடியிருந்தது. முதலாளி மிகவும் வருந்தினார். "பையன் செய்த வேலை ஐயா, எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. இன்றைக்கே அவனை அனுப்பிவிடுகிறேன்" என்றார். நண்பர் அமைதியாக, "ஞாயிற்றுக்கிழமை சாவி எங்கே இருந்தது?" என்று கேட்டார். முதலாளி சுவரைக் காட்டினார். அங்கே ஓர் ஆணியில் ஏழெட்டு வண்டிகளின் சாவிகள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"பையன் செய்தான், எமக்குத் தெரியாது" என்னும் இந்த விடைக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரவல் வாங்கிய குதிரை வண்டி ஒன்றை, வாங்கியவரின் வண்டிக்காரன் அவருக்குத் தெரியாமல் தன் சொந்தக் காரியத்துக்கு ஓட்டிச் சென்று சேதப்படுத்தினான். எசமான் பொறுப்பல்லர் என்று அன்று தீர்ப்பாயிற்று. காலம் மாறிற்று. 1925ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தில், இரவுக் காவலுக்காகக் கராஜில் விட்ட காரை அங்கிருந்த காவலாளியே எடுத்து ஓட்டிச் சேதப்படுத்தினான். கராஜ் உரிமையாளரே பொறுப்பென்று நீதிமன்றம் தீர்த்தது. 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், வாடிக்கையாளரின் காரைச் சொந்தத் தேவைக்கு ஓட்டியவர் சிப்பந்தியும் அல்லர், முகாமையாளரே. அங்கும் கம்பனி தப்ப முடியவில்லை. 1965ஆம் ஆண்டில், சுத்தம் செய்யக் கொடுத்த விலையுயர்ந்த மென்மயிர்ப் போர்வையை ஊழியன் திருடிய வழக்கிலும், பொருளை ஏற்றுக்கொண்ட நிறுவனமே பொறுப்பாளி என்று இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

இத்தீர்ப்புகளின் உட்பொருள் எளிது. வாடிக்கையாளர் பையனை நம்பி வண்டியை விடவில்லை. கராஜை நம்பி விட்டார். காவல் செய்யும் கடமையை முதலாளி பிறரிடம் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுத்துவிட முடியாது. சாவியை ஆணியில் தொங்கவிட்டவர், அதை எடுத்தவனை மட்டும் பழிப்பது எங்ஙனம் பொருந்தும்?

இது நமக்குப் புதிய அறமும் அன்று. சிலப்பதிகாரத்தில் இடைக்குல மூதாட்டி மாதரியிடம் கண்ணகி அடைக்கலமாக ஒப்படைக்கப்படுகிறாள். பின்னர் நேர்ந்த துன்பத்தில் மாதரியின் குற்றம் எள்ளளவும் இல்லை. ஆயினும், தன் அடைக்கலத்தைக் காக்க இயலவில்லையே என்று அம்மூதாட்டி தீப்புகுந்து உயிர்விட்டாள். அத்தகைய தியாகத்தை எவரிடமும் நாம் எதிர்பார்க்கவில்லை. சாவியைப் பூட்டி வைக்கும் ஒரு பெட்டியை எதிர்பார்க்கிறோம்.

நண்பர் கேட்டதும் அதுவே. பையனை நீக்க வேண்டாம் என்றார். நீக்கினால் அவன் தொழில் கெடும். ஆணியோ சுவரில் அப்படியே இருக்கும். மாறாக, சாவிகளைப் பெட்டியில் பூட்டி வைக்கவும், சோதனை ஓட்டத்துக்கு யார், எப்பொழுது, எவ்வளவு தூரம் ஓட்டினார் என்பதைப் புத்தகத்தில் எழுதவும் முதலாளி ஒப்புக்கொண்டார். பெற்றோலுக்கான பணத்தையும் கட்டணத்தில் கழித்துக்கொண்டார். அப்புத்தகத்தை எழுதும் வேலை அந்தப் பையனுக்கே கொடுக்கப்பட்டது.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இது. ஒப்படைக்கும்பொழுது மீற்றரின் எண்ணையும் எரிபொருளின் அளவையும் வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்; கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை ஓட்டம் அவசியமானதே. அதனை எவரும் மறுத்தல் ஆகாது. ஆனால் எவ்வளவு தூரம் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். திரும்பப் பெறும்பொழுது கையொப்பமிடுமுன் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். குறை கண்டால் முதலில் முதலாளிக்கே எழுத்து மூலம் அறிவியுங்கள்.

தொழில் பழகும் மாணவருக்கும் ஒரு சொல். வண்டியின் வேலைக்காக ஓட்டும் ஓட்டம் தொழில்; அதற்கு மேல் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீற்றரும் உடையவருடையது. எல்லை எது என்று ஐயம் எழுந்தால், உடையவர் எதிரே வந்தால் நம் முகம் வெளிறுமா என்று கேட்டுப் பாருங்கள். உரோமாபுரியின் சட்ட ஆசிரியர் இட்ட வரம்பும் ஏறக்குறைய அதுவே.

அன்று வீடு திரும்பியபின் நண்பர் தம் மகளுக்கு விடை சொன்னாராம். "காரை அவர்கள் திருடவில்லை, அம்மா. நாங்கள் வைத்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு போனார்கள். கார் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது. மற்றது திரும்பி வரக் கொஞ்ச நாளாகும்."

அடுத்த பழுதுக்கும் அதே கராஜுக்குத்தான் போகப்போவதாக அவர் நம்மிடம் சொன்னார். மீற்றரின் எண்ணைக் குறித்துக்கொண்டுதான்.