ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாமா?

அயலூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: “ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.” நிலப் பத்திரமானாலும், பெண்ணுக்கு வளையலானாலும், பல்வலியானாலும், எல்லாவற்றையும் கோடை விடுமுறைக்கு ஒத்தி வைத்துவிடுகிறோம். பத்திரமும் வளையலும் காத்திருக்கும், கண் காத்திராது. இதனை நாம் நமது இல்லத்திலேயே கற்றுக்கொண்டோம். அதற்கு விலை கொடுத்தவர் நமது அன்னையார்.

அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. பொங்கல் கழிந்த சில நாட்களில், “வலக்கண்ணுக்கு முன்னால் கொசு பறப்பது போல இருக்கிறதப்பா” என்றார். “புரையாக இருக்கும் அம்மா, மே மாதம் மதுரைக்குப் போகும்போது காட்டிவிடலாம்” என்றோம். விடுப்பும் இரயில்வே பாஸும் அதற்கேற்பவே திட்டமிடப்பட்டிருந்தன. மாசி மாதத்தில் ஒரு மாலை, பேரன் விளையாட்டாக அவருடைய இடக்கண்ணைக் கையால் பொத்தினான். “ஏன்டா கண்ணா, விளக்கை அணைத்தாய்?” என்று கேட்டார் அன்னையார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாளே இந்நகரத்துக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அது புரை அன்று, விழித்திரை நோய் என்றார் அவர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம்மைப் போலவே பலரும் அறியாதிருக்கக் கூடுமாதலின், விளங்கியவரையில் இங்கு எழுதுகிறோம்.

கண்ணின் முற்பகுதியில் உள்ள வில்லை மங்குவது புரை. மங்கிய வில்லையை அகற்றி வேறு வில்லை பொருத்தினால் பார்வை திரும்பும். விழித்திரையோ கண்ணின் உட்புறத்தே பின்சுவரை ஒட்டியுள்ள மெல்லிய படலம். புகைப்படக் கருவிக்குப் பிலிம் எப்படியோ, கண்ணுக்கு விழித்திரை அப்படி. ஒரு வேறுபாடு: பிலிமை மாற்றலாம், விழித்திரையை மாற்ற இயலாது.

இத்திரைக்கு உணவூட்டுபவை மயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் அக்குழாய்ச் சுவர்கள் பழுதுபட்டுக் கசியத் தொடங்குகின்றன, சில அடைத்துக்கொள்கின்றன. உணவு குறைந்த திரையில் புதிய குழாய்கள் முளைக்கின்றன. அவை வலுவற்றவை, எளிதில் உடைந்து கண்ணினுள் இரத்தம் பெருக்குகின்றன, தழும்பாக இறுகித் திரையையே பிய்த்து இழுப்பதும் உண்டு. அன்னையாரின் வலக்கண்ணில் நேர்ந்தது இதுவே. அவர் கண்ட கொசு, கண்ணினுள் கசிந்த இரத்தத்தின் நிழல்.

இந்நோயின் கொடுமை, தொடக்கத்தில் வலியோ சிவப்போ மங்கலோ இன்றி வளர்வதுதான். இரயில் பாதையில் அபாயம் என்றால் சிவப்பு விளக்கு எரியும். இங்கு எந்த விளக்கும் எரிவதில்லை. ஒரு கண் பழுதுபட்டாலும் மற்றொன்று ஈடுசெய்துவிடுவதால் குறை வெளிப்படுவதில்லை.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள் என்று கணக்கிட்டது. நீரிழிவு உள்ள நாற்பது வயதினரிலும் அதற்கு மேற்பட்டோரிலும் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவருக்கு விழித்திரைப் பாதிப்பு இருப்பதாக 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது. ஆகவே இது எங்கோ யாருக்கோ வரும் நோய் அன்று.

செய்ய வேண்டுவது என்ன? பெரியவர்களுக்கு வரும் வழக்கமான நீரிழிவாயின், நோய் அறியப்பட்ட உடனேயே விழித்திரையைச் சோதிக்க வேண்டும். பின்னர் ஆண்டுக்கொரு முறையேனும் சோதிக்க வேண்டும். இளமையிலேயே இன்சுலின் தேவைப்படும் வகையாயின் ஐந்தாண்டுகளுக்குள் முதற் சோதனை வேண்டும். நீரிழிவுள்ள மகளிர் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் கண்ணைக் காட்டுதல் நலம். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது இச்சோதனை ஆகாது. சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து உட்புறத்தைக் காண வேண்டும். அல்லது அதற்குரிய கருவியால் படமெடுக்க வேண்டும். சொட்டு மருந்திட்ட பின் சில மணி நேரம் பார்வை மங்கும், ஆதலால் துணைக்கு ஒருவர் உடன் செல்க, வண்டி ஓட்டலாகாது.

சர்க்கரையோடு இரத்த அழுத்தமும் கொழுப்பும் மருத்துவர் குறித்த அளவில் இருத்தல் வேண்டும். புகைப் பழக்கத்தை அடியோடு விடவேண்டும். வீட்டில் அவ்வப்போது ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணால் நாட்காட்டியின் கட்டங்களைப் பாருங்கள். கோடுகள் நெளிந்தாலும் நடுவில் இருள் தோன்றினாலும் தாமதியாது மருத்துவரை நாடுங்கள். திடீரென மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் திரளாகவோ, திரைச்சீலை இறங்குவது போலவோ தோன்றினால் அன்றே செல்லுங்கள். விழித்திரை கழன்றுகொள்வதன் அறிகுறிகளாக அவை இருக்கலாம். நீரிழிவு இல்லாதவர்க்கும் அது நேரும்.

லேசர் ஒளியும், கண்ணினுள் செலுத்தும் ஊசி மருந்தும், அறுவையும் இன்று உள்ளன. ஆயினும் அவை உள்ள பார்வையைக் காப்பதிலேதான் பெரிதும் வல்லவை; போனதை முழுதும் மீட்டுத் தருவது அரிது.

மதுரையில் 1976இல் தோன்றிய அரவிந்த் மருத்துவமனையும், சென்னையில் 1978இல் தோன்றிய சங்கர நேத்ராலயாவும் நமக்குப் பெருமை தருவன. அப்பெருமையே நம்மைக் காத்திருக்கச் செய்துவிடலாகாது. தில்லியில் எய்ம்ஸ் நிறுவனத்தின் கண் மருத்துவ மையம் 1967 முதலும், ஹைதராபாத்தில் எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம் 1987 முதலும் இயங்கி வருகின்றன. ஏனைய பெருநகரங்களிலும் தகுதி வாய்ந்த விழித்திரை மருத்துவர்கள் உள்ளனர். மொழி தடையானால் நம் சங்கத்து அன்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நாமும் வரச் சித்தமாயிருக்கிறோம்.

அன்னையாரின் வலக்கண்ணுக்கு அறுவை நடந்தது. அதில் இப்போது நிழலசைவு மட்டுமே தெரிகிறது. இடக்கண்ணிலும் நோய் தொடங்கியிருந்தது. லேசரும் ஊசியும் அதனைக் காத்தன. இவ்விதழை அவர் அந்த ஒரு கண்ணால்தான் படிக்கிறார். நம்மை அவர் ஒரு நாளும் கடிந்துகொண்டதில்லை. அந்த மே மாதப் பாஸ் மட்டும் பயன்படுத்தப்படாமல் நம் மேசையறையில் கிடக்கிறது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. உங்கள் இல்லத்தில் நீரிழிவு உள்ளவர் யாராயினும், அவர் கண் சோதனைக்குரிய நாளை இன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஊருக்குப் புறப்படும் நாளுக்கு முந்தியதாக அது இருக்கட்டும்.