கீழ்வீட்டுக்காக ஒரு வேண்டுகோள்

வேளச்சேரியிலும் சுற்றுப்புறங்களிலும் தரைத்தளத்தில் வசிப்போருக்கும், மாடியில் வசிப்போருக்கும்:



ஐப்பசி பிறந்தால் அடைமழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நாம் பட்டது யாருக்கும் மறந்திருக்காது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகவே பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. மடுவு திணறினால் நம் தெருத் தண்ணீர் வடியாது. அதை அகலப்படுத்தி ஆழப்படுத்தச் சொல்லி அரசிடம் கேட்டுக்கொண்டே இருப்போம். நம் கையில் உள்ளதை இப்போதே செய்வோம்.

வாசலில் மணல் மூட்டை அடுக்கினால் போதும் என்று நினைக்கிறோம். பல வீடுகளில் வெள்ளம் முதலில் வருவது குளியலறை வழியாகத்தான். பாதாளச் சாக்கடை நிரம்பியதும் கழிவுநீர் எதிர்த்தேறி, தரைச்சல்லடையிலும் கழிப்பறையிலும் கொப்பளிக்கிறது. மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடை இணைப்பில் விடுவதும், தெருவில் தேங்கிய நீரை வடிக்க மேன்ஹோல் மூடியைத் திறப்பதும் அதற்குக் காரணம். மேட்டுத் தெருவில் திறந்த மூடி, பள்ளத்தெரு வீட்டைக் கெடுக்கிறது. முழங்கால் தண்ணீரில் நடப்பவரின் உயிருக்கும் உலை வைக்கிறது.

ஆகவே கேட்டுக்கொள்கிறோம்:

1. மொட்டைமாடி நீரைச் சாக்கடையிலிருந்து பிரித்து, மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் விடுங்கள். இத்தொட்டி 2003 முதல் கட்டாயம். பல வீடுகளில் அது மண் மூடிக் கிடக்கிறது, தூர்வாருங்கள்.

2. மேன்ஹோல் மூடியைத் திறக்காதீர்கள். மழைநீர் வடிகால் வாயை மறைக்கும் வாசல் சாய்தளத்தையும் கட்டட இடிபாடுகளையும் அகற்றுங்கள். அடைப்பிருந்தால் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள்.

3. தரைத்தளத்தார் பிளம்பரை அழைத்து, கழிவுநீர்க் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துங்கள். சம்ப் மூடியை உயர்த்திக் கட்டுங்கள்.

4. தண்ணீர் வீட்டை நெருங்கும்போதே மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் மறக்காதீர்கள்: தெருவில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது வீட்டுக்குள் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருக்கும். நீர் வடிந்த பின், எலக்ட்ரீஷியன் பார்க்காமல் எதையும் போடாதீர்கள்.

5. மாடியில் வசிப்போரே, சாக்கடை எதிர்த்து வரும் நேரத்தில் நீங்கள் விடும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் கீழ்வீட்டுக் கூடத்தில் போய் நிற்கும். அந்தச் சில மணி நேரம் துவைப்பதையும் குளிப்பதையும் தள்ளிப்போடுங்கள். கீழ்வீட்டாரின் வீட்டுப் பத்திரம், மருந்து, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றுக்கு உங்கள் பரணில் இடம் கொடுங்கள். முதியவர்களை, தண்ணீர் வரும்வரை காத்திராமல் மேலே அழைத்துக்கொள்ளுங்கள்.

அவசர உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070. அதை அழைக்கும் நிலை வராதிருக்க, இந்த வாரமே உங்கள் மொட்டைமாடிக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று இறங்கிப் பாருங்கள். சாக்கடையில் விழுந்தால், மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெருக்களில் உடன் வசிப்போர்