நமக்கு நாமே எழுதும் ஓலை



சில வாரங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், தகப்பனார் ஒருவர் அறைவீட்டுத் திண்ணையில் எனக்காகக் காத்திருந்தார். கையில் செல்போன். அதில் திருமணத் தளம் ஒன்றில் தம் மகளுக்காகப் பதிந்து வைத்திருந்த பயோடேட்டாவைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"பதிந்து எட்டு மாதம் ஆகிறது, சாமி. பலர் பார்த்திருப்பதாகக் காட்டுகிறது. பார்த்தவர் ஒருவரும் பதில் தரவில்லை. என்ன குறை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். முதலில் ஒரு படம். உறவினர் வீட்டுத் திருமணத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து நிற்கின்றனர். இவர்களுள் மணப்பெண் யார் என்பது புதியவருக்கு விளங்காது. அடுத்து இரண்டு வரிகள்: எளிமையானவள், தெய்வ பயமுள்ளவள், குடும்பப் பாங்கானவள். இம்மூன்று சொற்களும் இல்லாத பயோடேட்டாவை நான் இன்னும் கண்டதில்லை. அதன்பின் எதிர்பார்ப்புகள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று இருந்தன. அரசு வேலை வேண்டும். சொந்த வீடு வேண்டும். சிவந்த நிறம் வேண்டும். திருமணமாகாத சகோதரிகள் இருத்தல் கூடாது. முடிவில், இத்தகுதி இல்லாதோர் தொடர்பு கொள்ள வேண்டா என்று ஓர் எச்சரிக்கை!

"ஐயா, உங்கள் மகளை நான் அறிவேன். நம் கோயில் பாடற்குழுவை நடத்துகிறவள். மாலை வேளைகளில் ஏலத்தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள். அவள் சிரித்தால் கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். அந்தப் பெண் இந்தக் குறிப்பில் எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டேன்.

அவர் செல்போனை வாங்கி மீண்டும் ஒரு முறை படித்தார். "இல்லைதான், சாமி" என்றார்.

அந்த மறுமொழியே இம்மாதக் கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஒரு தலைமுறைக்கு முன் நம் கம்பம் பள்ளத்தாக்கில் வரன் தேடிய முறை வேறு. சந்தையிலும் திருவிழாவிலும் காதோடு காதாகச் செய்தி பரவும். உபதேசியார் ஒரு வார்த்தை சொல்வார். கம்பத்துப் பெண்ணைப் பற்றி உத்தமபாளையத்திலும், போடி மாப்பிள்ளையைப் பற்றித் தேவாரத்திலும் விசாரிக்க நான்கு வீடுகள் இருக்கும். இத்தனைக்கும் பிறகு கோயிலில் மூன்று ஓலை. திருமணத்தை முன்கூட்டி அறிவிக்க வேண்டுமென்று 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் கட்டளையிட்டது. 1563-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம், தொடர்ந்து வரும் மூன்று கடன் திருநாட்களில் அதனை அறிவிக்குமாறு வகுத்தது. தடை ஏதேனும் அறிந்தவர்கள் திருமணத்திற்கு முன்பே அதனைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 1069-ஆம் எண்ணும் கூறுகிறது.

ஓலையின் சிறப்பு யாது? நம்மைப் பற்றி வேறொருவர் வாசிக்கிறார். நம்மை அறிந்தவர்கள் கேட்கிறார்கள். பொய்க்கு அங்கே இடம் குறைவு. பயோடேட்டாவோ நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் ஓலை. அதனை வாசிக்கிறவர்கள் நம்மை அறியாதவர்கள். ஆம் என்று தலையசைக்கவோ, இல்லை என்று எழுந்து நிற்கவோ அங்கே ஒருவரும் இல்லை.

இதனால் அத்தளங்களை நான் பழிக்கவில்லை. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய முருகவேல் ஜானகிராமன் என்பவர் 1997-இல் தமிழர்களுக்கென ஒரு வலைத்தளம் தொடங்கினார். அதில் மற்றப் பகுதிகளைவிட மணமக்கள் பகுதியையே மக்கள் மிகுதியாக நாடினர். அதுவே பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றுவிட்ட இந்நாளில், அண்டை ஊரில் விசாரித்தல் போதாது. முப்பதைக் கடந்தவர், கைம்பெண், மாற்றுத்திறனாளி ஆகியோர்க்குத் தரகர் காட்டாத வழியை இத்தளங்கள் காட்டியிருக்கின்றன என்பதும் உண்மை. குறை கருவியில் இல்லை. எழுதும் கையில் இருக்கிறது.

அப்படியானால், படிப்பவரை முகம் சுளிக்க வைப்பவை எவை? திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு வரும் இளைஞர்களையும் பெண்களையும் நான் கேட்டு வருகிறேன். அவர்கள் சொன்னவற்றை ஐந்தாகத் தொகுக்கலாம்.

முதலாவது, ஆள் தெரியாத படம். கூட்டத்தில் ஒருவராய் நிற்பது, கறுப்புக் கண்ணாடி அணிந்திருப்பது, பத்தாண்டுக்கு முன் எடுத்தது, செயலியால் முகத்தை வெளுப்பாக்கியது. "இதற்கே மறைக்கிறார் என்றால் மற்றதற்கு?" என்று கேட்டாள் ஒரு பெண்.

இரண்டாவது, எவர்க்கும் பொருந்தும் வெற்றுச் சொற்கள். தளம் தானாக நிரப்பித் தரும் வாசகத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் விட்டுவிடுவது இந்த வகையே.

மூன்றாவது, கட்டளைப் பட்டியல். வேண்டும் என்பது பாதி, வேண்டா என்பது மீதி. வாழ்க்கைத் துணையைத் தேடுவதை விட்டுவிட்டு வேலைக்கு ஆள் எடுப்பதுபோல் அது ஒலிக்கிறது.

நான்காவது, தற்பெருமையும் கசப்பும். ஏக்கர் கணக்கும் கார் வகையும் சம்பளமும் முதல் வரியில் வருவது ஒன்று. "முன்பு ஏமாற்றப்பட்டோம், ஏமாற்றுகிறவர்கள் விலகிப் போகவும்" என்று முன்பின் அறியாதவரிடம் சினத்தைக் காட்டுவது மற்றொன்று.

ஐந்தாவது, நிறமும் சாதியும். ஷாதி.காம் என்ற தளத்தில் நிறத்தால் ஆளைப் பிரித்துத் தேடும் வசதி இருந்தது. வட அமெரிக்காவில் வாழும் இந்திய வழிப் பெண்கள் எழுப்பிய எதிர்ப்பை அடுத்து, 2020 ஜூன் மாதத்தில் அத்தளம் அதனை நீக்கியது. கறுப்பும் அழகே என்னும் இயக்கத்தைச் சென்னையில் கவிதா இம்மானுவேல் 2009-லேயே தொடங்கியிருந்தார். நிறுவனங்கள் திருந்துகின்றன, வெயிலில் உழைத்து வாழும் பள்ளத்தாக்கு மக்களாகிய நாம் 'சிவந்த நிறம்' என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். 'நல்ல கத்தோலிக்கக் குடும்பம் தேவை' என்று எழுதிய பேனா, அடுத்த வரியில் சாதியைக் குறிப்பதைக் கண்டு நான் வெட்கப்பட்டிருக்கிறேன். ஒரே திருமுழுக்குத் தண்ணீர் அல்லவா எல்லார் தலையிலும் ஊற்றப்பட்டது?

இவ்வைந்திற்கும் அடியில் இருப்பது ஒன்றே. உள்ளதை உள்ளபடி சொல்ல அஞ்சுகிறோம். இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் இணையத்தில் துணை தேடிய 80 பேரை நேரில் அழைத்து, அவர்கள் உயரத்தையும் எடையையும் அளந்து, வயதை ஓட்டுநர் உரிமத்தில் சரிபார்த்த ஆய்வொன்று 2008-இல் வெளிவந்தது. உயரம், எடை, வயது என்னும் மூன்றில் ஒன்றையேனும் மாற்றிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 81 பேர். அவற்றுள் பெரும்பாலானவை சிறு பொய்கள். ஆயினும் சிறு பொய் பெரும் பொய்க்கு வாசற்படி அன்றோ?

நம் நாட்டில் இதற்கு ஒரு பழமொழியே துணை நிற்கிறது. 'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடி' என்பர். ஆயிரம் பேரிடம் 'போய்ச் சொல்லி' என்பதே திரிந்து 'பொய் சொல்லி' ஆயிற்று என்று விளக்கம் தருவோரும் உண்டு. எது மூலமோ, நம் வீடுகளில் பின்பற்றப்படுவது முதலாவதுதான்.

அதன் விலை என்ன என்பதை ஒரு நிகழ்ச்சியால் சொல்லுகிறேன். ஆளும் ஊரும் குறிப்பிடேன். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரின் மகளுக்குத் தளம் மூலம் வரன் அமைந்தது. மாப்பிள்ளை பொறியாளர், நல்ல சம்பளம் என்று குறித்திருந்தது. நிச்சயம் முடிந்தது, மண்டபத்திற்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. முதல் ஓலை வாசித்த வாரத்தில் செய்தி வந்தது. அவருக்கு வேலை போய் ஓராண்டு ஆகிறது; கடனும் உண்டு. பயோடேட்டாவை எழுதியவர் அவருடைய தாய்மாமன். அந்த இளைஞரை நான் தனியே சந்தித்தேன். அவர் கெட்டவர் அல்லர். தலைகுனிந்து, "வேலை இல்லை என்று எழுதினால் யார் சாமி திரும்பிப் பார்ப்பார்கள்?" என்று அழுதார்.

பெண்ணின் தகப்பனார் கோபிக்கவில்லை. "சாமி, பெட்டியின் மேலே நல்ல குலையை அடுக்கி, அடியில் உதிரியைப் போடுகிற வேலையை நானே செய்திருக்கிறேன். வியாபாரி பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்து விலையைக் குறைப்பான், அதோடு போகும். மகளைக் கொடுத்த பிறகு நான் எதைக் கவிழ்த்துப் பார்ப்பேன்?" என்றார். அத்திருமணம் நின்றது. வேலை இழந்ததை முதலிலேயே சொல்லியிருந்தால் தான் காத்திருக்க ஆயத்தமாய் இருந்ததாக அந்தப் பெண் பின்னர் என்னிடம் கூறினாள். உண்மையால் வாய்த்திருக்கக்கூடிய திருமணம் பொய்யால் நின்றது.

திருமணத்திற்கு முன் வெளிப்பட்டதால் அவர்கள் தப்பினர். திருமணத்திற்குப் பின் வெளிப்பட்டால்? 1983-இல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத்தில் 1098-ஆம் எண் புதியது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. சம்மதத்தைப் பெறுவதற்கென்றே ஒருவர் வஞ்சகமாக ஏமாற்றப்பட்டு, அவ்வஞ்சகம் இல்லற வாழ்வைத் தன் இயல்பாலேயே பெரிதும் குலைக்கக்கூடிய ஒரு தன்மையைப் பற்றியதாயின், அத்திருமணம் செல்லாது என்று அது விதிக்கிறது. எல்லாப் பொய்யும் இதில் அடங்காது. எது அடங்கும் என்பதைத் திருச்சபை நீதிமன்றமே ஆராய்ந்து தீர்மானிக்கும். ஆனால் மெய்யான சம்மதத்திற்கு மெய்யான அறிவு வேண்டும் என்பது தெளிவு. மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அதனை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய இயலாது என்று 1057-ஆம் எண் கூறும்போது, தாய்மாமன் எழுதும் பயோடேட்டாவையும் அது மறைமுகமாகக் கண்டிக்கிறது என்றே நான் கொள்கிறேன்.

அவ்வாறெனில் எல்லாவற்றையும் எல்லார்க்கும் முன் விரித்துவிட வேண்டுமா? வேண்டா. வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வெளிப்படையாகப் போடாதீர்கள். நோய், கடன், முன்பு முறிந்த சம்பந்தம் ஆகியவற்றை ஊரறிய எழுதத் தேவையில்லை. ஆனால் நிச்சயத்திற்கு முன் உரியவரிடம் நேரில் சொல்லியே ஆகவேண்டும். அடக்கம் வேறு, மறைப்பு வேறு. முகம் காணுமுன் பணம் கேட்பவரிடம் அன்றே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். திருமணத் தளங்கள் பயனாளர்களின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டுமென 2016 ஜூன் மாதத்தில் மத்திய அரசு அறிவுரை வெளியிட்டது. எனினும் நாம் நேரில் சென்று விசாரிப்பதற்கு அது மாற்றாகாது.

மற்றொரு வீட்டில் நடந்ததையும் கேளுங்கள். செவிலியர் பட்டம் பெற்ற மகளுக்கு அண்ணன் பயோடேட்டா எழுதினான். தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று போட்டான். மகள் அதனை அடிக்கச் சொன்னாள். "விடியற்காலை நான்கு மணிக்கு ஜீப்பில் ஏறி, மலைமேல் ஏலக்காய் எடுக்கப் போய்த்தானே அம்மா என்னைப் படிக்க வைத்தார்கள்? அதை எழுதினால் வராத மாப்பிள்ளை எனக்கு எதற்கு?" என்றாள். அண்ணன் தயங்கினான், தாயும் தயங்கினாள். மகள் தன் கையாலேயே 'ஏலத்தோட்டத் தொழிலாளி' என்று மாற்றினாள். வந்த விசாரணைகள் சில நின்றுபோயின. ஆனால் பின்னர் வந்த குடும்பத்தார், அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதை நான் கண்ணாரக் கண்டேன்.

தொடக்கநூலில் ஈசாக்குக்குப் பெண் தேடிச் சென்ற ஊழியரை நினைத்துப் பாருங்கள். கிணற்றடியில் அவர் கேட்ட அடையாளம் நிறமும் அன்று, சீதனமும் அன்று. தாகத்தோடு வந்த வழிப்போக்கனுக்கும் அவன் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் மொண்டு தரும் மனம். ரெபேக்கா பத்து ஒட்டகங்களுக்கு நீர் இறைத்தாள். அதே நூலில் லாபான், ராகேலைக் காட்டி லேயாவை மணமுடித்து வைத்தான். அவ்வீட்டில் அக்காள் தங்கைக்கிடையே மூண்ட பூசல் எத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. பயோடேட்டாவை எழுதி முடித்தபின், அது வரும் ஞாயிறன்று நம் கோயிலில் ஓலையாக வாசிக்கப்படுவதாக எண்ணிக்கொண்டு ஒரு முறை படியுங்கள். நம் ஊரார் 'ஆம், இவர்தான்' என்று தலையசைப்பார்களா? அசைப்பார்களாயின் அனுப்புங்கள். ஒருவருக்கொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள் என்று தோன்றினால், திருத்துங்கள்.

திண்ணையில் காத்திருந்த தகப்பனாரின் மகள், இப்போது தன் குறிப்பைத் தானே எழுதியிருக்கிறாள். பதினொரு எதிர்பார்ப்புகள் இரண்டாகிவிட்டன. படத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். கையில் பாடல் ஏடு. மூன்று வீட்டாரிடமிருந்து மறுமொழி வந்திருக்கிறது. இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. ஆனால் மூவரும் முதலில் கேட்டது அவளுடைய பாடற்குழுவைப் பற்றித்தானாம்.

அவளுக்காக நீங்களும் செபித்துக்கொள்ளுங்கள்.