அவரவர் பை அவரவர் தோளில்!

தைப்பூசத்துக்கு எங்கள் ஊர் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆண்கள் பலர் தோளில் ஒரு துண்டோடு வீசி நடக்கிறார்கள். பெண்களோ குடும்பத்துக்கே ஜமுக்காளம், போர்வை, மாற்றுத்துணி, எவர்சில்வர் தூக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து, ஒற்றைத் தோளில் சுமக்கிறார்கள். மதுரையிலிருந்து பழனி நூறு கிலோமீட்டருக்கு மேல். தோள் கன்றிப்போக நடந்தால்தான் பக்தியா?

ஜமுக்காளத்துக்குப் பதில் பழைய வாயில் புடவை ஒன்று போதும். மடித்து விரிக்கலாம், போர்த்தலாம், உடைமாற்ற மறைப்பாகவும் கட்டலாம். நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ கனம். சின்ன பாட்டிலை வைத்துக்கொண்டு வழியில் நிரப்பிக்கொள்ளலாமே! அன்னதானப் பந்தல்கள் இருக்கும்போது கட்டுச்சோற்று மூட்டை எதற்கு? பையும் இரண்டு தோளிலும் மாட்டுகிற மாதிரி இருந்தால் வலி தெரியாது.

முக்கியமாக, அவரவர் துணி அவரவர் பையில் இருக்கட்டும். "உனக்குத்தான் அடுக்கத் தெரியும்" என்பார்கள். அடுக்கித் தருவோம், தூக்குவது அவர்களாகட்டும். முருகனைப் பார்க்கப் போவது எல்லோரும், சுமை மட்டும் நமக்கா சகோதரிகளே?

– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்