மலை மேல் ஒரு புல்வெளி: மரம் எங்கே நிற்க வேண்டும்?

அல்லிநகரத்தில் நின்று வடக்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் தெரியும். அந்த மலையின் மேல், சுமார் 7,000 அடி உயரத்தில், கொடைக்கானல் இருக்கிறது. அங்கே தூண்பாறைக்குப் போகும் ரோட்டு ஓரத்தில் பரந்த புல்வெளி ஒன்றைக் காணலாம். சுற்றிலும் மரங்கள். நடுவே சிறு சிறு கொடிகள்.

அதுதான் கோல்ப் மைதானம்.

பஸ்சில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "பணக்காரர் விளையாட்டு" என்று சொல்லிவிட்டுப் போய் விடுவார்கள். அப்படிச் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அதுவே முழு உண்மை அல்ல.

கிளப் தொடங்கியது 1895-ம் ஆண்டு. அப்போது கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு கிடையாது. பெரியகுளத்துக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில் உள்ள கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பில் இருந்து குதிரைப் பாதையில் ஏற வேண்டும். துரைமார்கள் குதிரையில் போனார்கள், டோலியில் போனார்கள். டோலியைத் தூக்கியவர்கள் கூலி ஆட்கள். மூட்டை முடிச்சுகள் எல்லாம் அவர்கள் தலையில்தான் ஏறின. நம் பக்கத்து மனிதர்களின் வியர்வையும் அந்தப் புல்வெளியில் கலந்து இருக்கிறது.

ஆகவே, "அந்த மைதானம் எப்படி?" என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

ஆட்டம் என்ன?

ஒரு சிறு பந்து. அதைக் கோலால் அடித்துக் குழியில் விழச் செய்ய வேண்டும். குழியின் அகலம் நாலே கால் அங்குலம். மொத்தம் 18 குழிகள். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ, அவர் வென்றவர். பைக்குள் 14 கோல்கள் வரை வைத்துக் கொள்ளலாம்.

நம் ஊர் கிட்டிப்புள் ஆடியவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே தூரமாக அடித்தால் வெற்றி. இங்கே தூரம் மட்டும் போதாது. குறியும் வேண்டும்.

இந்த ஆட்டம் ஸ்காட்லாந்து நாட்டுக் கடற்கரை மணல்மேட்டில் வளர்ந்தது. அங்கே மரம் இல்லை, காற்றுதான் எதிரி. பிறகு ஆட்டம் உள்நாட்டுக்கு வந்தது. மரங்களுக்கு நடுவே பூங்கா போல மைதானம் போட்டார்கள். இங்கே மரம்தான் எதிரி. கொடைக்கானல் மைதானம் இந்த இனத்தைச் சேர்ந்தது.

நல்ல மரம், கெட்ட மரம்

மைதானத்தில் மரம் எதற்கு? அழகுக்கு மட்டும் அல்ல. ஆடுகிறவரை யோசிக்க வைப்பதற்கு.

பாதை வளையும் இடத்தில் ஒரு மரம் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். மரத்துக்கு மேலே அடித்தால் தூரம் குறையும், ஆனால் ஆபத்து. சுற்றிப் போனால் ஓர் அடி கூடும், ஆனால் பத்திரம். எது வேண்டும் என்பதை ஆடுகிறவரே முடிவு செய்ய வேண்டும். அது நல்ல மரம்.

இரண்டு பக்கமும் சுவர் போல மரங்களை நெருக்கி நட்டால் என்ன ஆகும்? நேராக அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கொஞ்சம் தவறினால் பந்து புதருக்குள் போய்விடும். தேடுவதிலேயே பொழுது போய்விடும். கை தேர்ந்தவர் தப்பிப்பார். புதிதாகப் பழகும் பெண்ணும் பையனும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவார்கள். அது கெட்ட மரம். இல்லை, மரத்தின் மேல் குற்றம் இல்லை. நட்டவர் மேல்தான் குற்றம்.

இன்னொன்றும் உண்டு. நெருங்கிய மரம் வெயிலை மறைக்கும். வேர் தண்ணீரைக் குடிக்கும். அதன் அடியில் புல் வளராது. தென்னந்தோப்பில் நிழல் விழும் இடத்தில் மற்றப் பயிர் இளைப்பதைக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு நாம் சொல்லித் தர வேண்டியது இல்லை.

மலையே மைதானம்

கொடைக்கானலின் பலம் அதன் மேடு பள்ளம்தான். செயற்கையாகக் குன்று கட்ட வேண்டியது இல்லை. மலையே கட்டிக் கொடுத்திருக்கிறது. பந்து நிற்கும் இடம் சரிவாக இருக்கும். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. அப்படி நின்று அடிப்பது ஒரு பாடம்.

காற்றும் ஒரு பாடம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுக்கும் சக்தியும் குறைகிறது. சென்னையில் 100 கெஜம் போகும் பந்து இங்கே ஏழெட்டு கெஜம் கூடுதலாகப் போகும். கணக்குத் தெரியாமல் அடித்தால் குழியைத் தாண்டிவிடும்.

திடீர் என்று மூடுபனி வரும். கொடியே தெரியாது. காத்திருக்கத் தெரிந்தவருக்குத்தான் அங்கே ஆட்டம்.

காட்டெருமை ஏன் வருகிறது?

அந்த மைதானத்தில் காட்டெருமைகள் மேய்வதைப் பலர் படம் எடுத்து இருக்கிறார்கள். நின்ற பந்தை விலங்கு நகர்த்தினால் தண்டனை இல்லை. பழைய இடத்தில் வைத்து ஆடலாம் என்று கோல்ப் விதியே சொல்கிறது!

வேடிக்கை இருக்கட்டும். அவை ஏன் வருகின்றன?

பழனி மலையின் உச்சியில் ஒரு காலத்தில் புல்வெளியும், பள்ளங்களில் சோலைக்காடும்தான் இருந்தன. 20-ம் நூற்றாண்டில் புல்வெளியை எல்லாம் 'வெற்று நிலம்' என்று நினைத்து, சீகை, யூகலிப்டஸ், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். தோல் பதனிடவும் தொழிற்சாலைக்கும் அவை பயன்பட்டன. ஆனால் மேய்ச்சல் போயிற்று. புல்வெளி பஞ்சு போல மழைநீரைப் பிடித்து வைத்து, சிறுகச் சிறுக ஓடையில் விடும். அதுவும் குறைந்தது. அந்த ஓடைகளில் பல நம் பக்கம்தான் இறங்குகின்றன.

மிச்சம் இருக்கும் புல் எங்கே இருக்கிறதோ, அங்கே மிருகம் வருகிறது. அதில் அதிசயம் என்ன?

பந்து ஆடுகிறவருக்குச் சொன்ன அதே கேள்விதான் மலைக்கும். மரம் நல்லதா என்பது அல்ல கேள்வி. எந்த மரம், எங்கே நிற்கிறது என்பதே கேள்வி.

கதவு திறக்குமா?

மைதானத்துக்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. ஏழைக்கு அங்கே இடம் உண்டா?

கல்கத்தாவில் 1829-ல் தொடங்கிய ராயல் கோல்ப் கிளப்பில் புல்லைப் பராமரித்த தொழிலாளியின் மகன் சவுரசியா. அவர் 2016-லும் 2017-லும் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் மட்டைப் பை சுமந்த முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம் பெற்றார். ஒரே ஓர் அடியில் பதக்கம் தவறியது. அவருடைய பையைச் சுமந்து கூடவே நடந்தவர், பெற்ற தாய்!

கதவு திறந்தால் திறமை உள்ளே வரும். மூடி இருந்தால் நிலம்தான் கேள்விக்கு உள்ளாகும். சென்னை கிண்டியில் அதுதான் நடந்தது. குதிரைப் பந்தயத் திடலின் உள்ளே கோல்ப் மைதானமும் இருந்தது. 2024-ல் அரசு 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்தது. மக்களுக்குப் பூங்கா அமைப்பதாக அறிவித்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. "இத்தனை பெரிய இடம் இத்தனை சிலருக்கா?" என்று ஜனங்கள் கேட்டதில் நியாயம் உண்டு.

நமது தீர்ப்பு

ஆட்டத்துக்கு ஏற்ற இடம் என்ற வகையில் கொடைக்கானல் மைதானம் தேறிவிட்டது. மலையின் சரிவை அப்படியே பயன்படுத்துகிறது. திறந்த புல்லைத் திறந்த புல்லாகவே வைத்து இருக்கிறது. கட்டிடம் எழும்பாமல் காத்து இருக்கிறது. இது சாதாரணம் அல்ல.

இனிச் செய்ய வேண்டியவை மூன்று. ஓரங்களில் விழும் வெளிநாட்டு மரத்துக்குப் பதில் சோலை மரம் நட வேண்டும். புல்லுக்குப் போடும் மருந்தும் உரமும் ஓடையில் கலக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு காலை, மலைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு கோலும் ஒரு பந்தும் கொடுத்து உள்ளே விட வேண்டும்.

டோலி தூக்கியவரின் பேரப்பிள்ளை அந்தப் புல்லில் நின்று பந்து அடிக்கட்டும். அன்றைக்கு அது ஊர் மைதானம்.